வேர் இறங்கும் வரை: செங்குத்துச் சரிவில் மண்ணைக் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் வீடு கட்டவோ, பாதை போடவோ, தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுநடவு செய்யவோ சரிவை ஒருமுறை வெட்டிவிட்டால், அன்றிலிருந்து ஒரு கணக்கு ஓட ஆரம்பிக்கிறது. பழைய செடி போய்விட்டது. புதுச் செடியின் வேர் இன்னும் இறங்கவில்லை. இடையில் இருக்கும் அந்தச் சில மாதங்கள் மண்ணை யார் பிடித்துக்கொள்வது?

விதைத்த புல் குன்னூர்க் குளிரில் தரையை ஓரளவு மூட 6 முதல் 8 வாரம் ஆகும். வெட்டிவேர் வரிசை இடைவெளி இல்லாமல் வேலி போல அடைய ஒன்று முதல் இரண்டு வருடம். புதர்ச்செடிகளின் வேர் மண்ணைக் கட்டிப் பிடிக்க இரண்டு, மூன்று வருடம். மழைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மழையில் மாவட்டம் முழுக்க நிலச்சரிவுகள் ஏற்பட்டு 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் 24 மணி நேரத்தில் 80 செ.மீ.யைத் தாண்டியது. அப்படிப்பட்ட மழைக்கு எந்தப் புல்லும் கோணிச்சாக்கும் பதில் சொல்லாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வருடா வருடம் வரும் சாதாரண மழைதான் நம் சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, பெருமழைக்குப் பலவீனமாக்கி வைக்கிறது. அந்த மழையை நம்மால் சமாளிக்க முடியும்.

கீழே சொல்வது நீலகிரியை மனதில் வைத்து எழுதியது. கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு பக்கம் இருப்பவர்கள் மாதங்களையும் செடிகளையும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் போதும்.

முதலில், இது மண் அரிப்பா, நிலச்சரிவா என்று பாருங்கள்

மேல்மண் கரைந்து ஓடுவது அரிப்பு. மண் மொத்தமாக, ஆழத்திலிருந்து நகர்வது நிலச்சரிவு. இந்த வழிகாட்டி முதலாவதற்கு மட்டும்தான். ஒரு மீட்டர் ஆழம் போகும் வேர், ஐந்து மீட்டர் ஆழத்தில் நழுவும் மண்ணைப் பிடிக்காது.

சரிவின் உச்சிக்கு மேலே போய் நடந்து பாருங்கள். பிறை வடிவத்தில் தரையில் வெடிப்பு இருக்கிறதா? மரங்களோ கம்பங்களோ சாய்ந்திருக்கின்றனவா? இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கசிகிறதா, வழக்கமாகத் தெளிவாக வரும் ஊற்று கலங்கி வருகிறதா? தடுப்புச் சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா? வீட்டுக் கதவு திடீரென்று மூட முடியாமல் இறுகுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். மண் பொறியியல் தெரிந்த ஒருவர் வந்து பார்க்கும்வரை அங்கே எதையும் தோண்டக் கூடாது. மழை நேரத்தில் இதைப் பார்த்தால் வீட்டில் இருப்பவர்களை வெளியேற்றிவிட்டு, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், சாய்வை அளக்க வேண்டும். கருவி எதுவும் வேண்டாம். சரியாக 1 மீட்டர் நீளமுள்ள குச்சியின் ஒரு முனையைச் சரிவில் வைத்து, ரசமட்டம் பார்த்துக் குச்சியைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். மறுமுனையிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, அது சரிவைத் தொடும் வரை எத்தனை செ.மீ. என்று பாருங்கள். 33 செ.மீ. என்றால் சாய்வு சுமார் 18 டிகிரி, 50 செ.மீ. என்றால் 27, 70 செ.மீ. என்றால் 35, ஒரு மீட்டர் என்றால் 45 டிகிரி. 27 வரை செடியும் மூடாக்கும் (மண்ணை மூடப் பரப்பும் வைக்கோல், சருகு) பெரும்பாலும் போதும். 27 முதல் 45 வரை வலை, குறுக்குத் தடுப்பு, அடிச்சுவர் எல்லாம் சேர்ந்தால்தான் நிற்கும். 45-ஐத் தாண்டினால் செடியை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே சாய்வைக் குறைக்க வேண்டும், அல்லது முறையாக வடிவமைத்த சுவர் வேண்டும்.

வெட்டிய மண்ணா, கொட்டிய மண்ணா என்பதும் முக்கியம். மலையைக் குடைந்த பக்கம் மண் இறுகி இருக்கும். அங்கே பிரச்சினை செடி முளைக்காதது. வெட்டிய மண்ணை எதிர்ப்பக்கம் தள்ளியிருப்பார்களே, அந்தப் பக்கம் மண் பொலபொலவென்று இருக்கும். செடி வேகமாக வரும், ஆனால் மழை அதைவிட வேகமாக வரும். எனக்குக் கொட்டிய மண்ணைக் கண்டால்தான் பயம். அதை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்காமல் விட்டிருந்தால், மேலே என்ன நட்டாலும் உள்ளே தண்ணீர் புகுந்து உட்கார்ந்துகொள்ளும்.

எந்த மாதத்தில் எந்த வேலை

தவறு அதிகம் நடப்பது இங்கேதான். மண் வேலையைப் பணம் கையில் வந்தபோது ஆரம்பிக்கிறோம். மழை நம் கையிருப்பைப் பார்த்து வருவதில்லை.

கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் பிரதானம். ஜூனில் ஆரம்பித்துவிடும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஒரே மாவட்டம் என்றாலும் இரண்டு பக்கத்துக்கும் அட்டவணை வேறு.

குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச்சுக்குள் மண் வேலையை முடித்து, ஏப்ரல், மே கோடை மழையில் விதைத்து நட்டால், ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் தூறலில் செடி வேர் பிடித்துக்கொள்ளும். அக்டோபர் பெருமழை வரும்போது ஐந்து மாத வேர் தயாராக இருக்கும். அந்த ஐந்து மாதத்தை இழந்து ஆகஸ்டு கடைசியில் சரிவை வெட்டுபவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

கூடலூர் பக்கம் இந்த வசதி இல்லை. கோடை மழைக்கும் பருவமழைக்கும் இடையில் ஐந்தாறு வாரம்தான். அதனால் அங்கே வலையும் மூடாக்கும் கூடுதலாகப் போட வேண்டும், மண் வேலை பிப்ரவரிக்குள் முடிய வேண்டும். முடியாது என்றால் வேலையை அடுத்த டிசம்பருக்குத் தள்ளி வைப்பது நல்லது. பழைய புதரும் புல்லும் அதுவரை இலவசமாகக் காவல் காக்கும்.

இன்னொன்று. நீலகிரியில் பொக்லைன் ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அதற்கு ஆகும் காலத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தண்ணீரைத் திருப்பாமல் எதையும் நடாதீர்கள்

சரிவின் மேல் விழும் மழை ஒரு பங்கு என்றால், மேலே இருந்து ஓடி வந்து சேரும் தண்ணீர் பல பங்கு. 1,000 சதுர அடி கூரையில் 5 செ.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட 4,600 லிட்டர் தண்ணீர் இறங்கும். அது ஒரே குழாய் வழியாக உங்கள் சரிவின் தலையில் கொட்டினால், கீழே வைத்த செடி ஒன்றுகூட மிஞ்சாது.

சரிவின் உச்சி விளிம்பிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் மேலே தள்ளி ஒரு வாய்க்கால் எடுங்கள். விளிம்பை ஒட்டி எடுத்தால் கசிவே விளிம்பைச் சாய்த்துவிடும். 100 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம் இருந்தால் போதும். அதைவிடச் சாய்வாக இருந்தால் வாய்க்காலே அரிக்கும். மட்டமாக இருந்தால் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கும், அது இன்னும் ஆபத்து. வாய்க்காலின் உட்புறத்தைக் கல் பதித்தோ, சிமென்ட் பூசியோ தண்ணீர் கசியாதபடி செய்யுங்கள். சமவெளியில் மழைநீரை மண்ணுக்குள் இறக்க வேண்டும் என்று படித்திருப்போம். வெட்டிய சரிவின் தலைமாட்டில் அதைச் செய்யவே கூடாது. உறிஞ்சுகுழி, அகழி எல்லாம் சரிவை விட்டுத் தள்ளி இருக்கட்டும்.

வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாறை மேல், அல்லது ஏற்கெனவே இருக்கும் ஓடையில் போய் விழ வேண்டும். விழும் இடத்தில் கருங்கல்லைப் பரப்பி வைத்தால் வேகம் குறையும். கீழே இருப்பவர் நிலத்துக்குத் திருப்பிவிடுவது நியாயமும் இல்லை, சட்டப்படி சரியும் இல்லை. மலையில் ஒருவர் வீட்டுத் தண்ணீர் இன்னொருவர் வீட்டுச் சுவராகத்தான் இடிகிறது.

சரிவின் முகத்திலேயே ஊற்று கசிந்தால் அதை மூடாதீர்கள். அந்த இடத்தில் துளையிட்ட குழாயைச் சற்றே மேல்நோக்கிச் செருகி, சுற்றிலும் ஜல்லி போட்டு, தண்ணீர் வெளியே வழிய விடுங்கள்.

முகத்தைச் சீர்செய்தல்

உச்சி விளிம்பு கத்தி போல நீட்டிக்கொண்டிருந்தால் அதை வெட்டி உருண்டையாக்குங்கள். அடியில் குடைந்து மேலே தொங்கும் மண் இருந்தால் இறக்கிவிடுங்கள். தொங்கும் மண் முதல் மழையில் விழும், விழும்போது கீழே நட்டதையும் இழுத்துக்கொண்டு போகும்.

சரிவின் முகத்தைச் சுவர் பூசியது போல வழவழப்பாக்கித் தரும் ஆட்கள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வழவழப்பான முகத்தில் தண்ணீர் வேகம் எடுக்கும், விதை நிற்காது. கொத்துமண்வெட்டியால் குறுக்காக, அதாவது சரிவின் அகலவாக்கில், 5 செ.மீ. ஆழத்துக்குக் கீறல் போடுங்கள். மேலிருந்து கீழாக ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது, அது மழைக்கு நீங்களே வெட்டிக்கொடுத்த வாய்க்கால். ஆழமாகக் கொத்தவும் வேண்டாம்.

வேலை ஆரம்பிக்கும்போதே மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்திருந்தால் அதை மெல்லிய அடுக்காகத் திரும்பப் போடலாம். கீழ்மண் செந்நிறத்தில், சத்து இல்லாமல், புளிப்பாக இருக்கும். மக்கிய தொழு உரத்தைக் கீறல்களில் கொடுங்கள். மண் பரிசோதனை செய்து அமிலத்தன்மை அதிகம் என்று வந்தால் டோலமைட் போடலாம், தேயிலைக்குப் போடுபவர்களுக்கு இது பழக்கம்தான்.

அடியில் ஒரு பிடிமானம்

சரிவின் கால் நழுவினால் மேலே உள்ளது எல்லாம் இறங்கும். அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கருங்கல்லைச் சிமென்ட் இல்லாமல் அடுக்கிய சுவர் போதும். அஸ்திவாரம் தரைக்குள் 30 செ.மீ. இறங்கியிருக்கட்டும், சுவர் மலைப் பக்கம் சற்றே சாய்ந்திருக்கட்டும், பின்னால் ஜல்லி நிரப்புங்கள். சிமென்ட் வைத்துக் கட்டினால் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் கட்டாயம் வேண்டும். ஓட்டை இல்லாத சுவரைத் தண்ணீரே தள்ளிவிடும். ஒன்றரை மீட்டரைத் தாண்டும் சுவரைப் பொறியாளர் வரைபடம் இல்லாமல் கட்ட வேண்டாம்.

பிளாஸ்டிக் மணல் மூட்டைகளை அடுக்கி வைப்பவர்கள் உண்டு. அவசரத்துக்குச் சரி. சில மாத வெயிலில் சாக்கு பொடிந்து மணல் வழிந்துவிடும்.

குறுக்குத் தடுப்புகள்

ஓடும் தண்ணீரின் வேகம் தூரத்தோடு கூடும். ஆறு மீட்டர் நீளச் சரிவை ஒன்றரை மீட்டர் துண்டுகளாக உடைத்துவிட்டால், தண்ணீர் வேகம் எடுக்கும் முன்பே நின்று, மண்ணைக் கீழே போட்டுவிட்டுப் போகும். அதற்குத்தான் குறுக்குத் தடுப்பு.

தடுப்பு சமமட்டமாக இருக்க வேண்டும், கண்ணால் பார்த்துப் போடக் கூடாது. மலையில் கண் ஏமாற்றும், அதிலும் பழகிய கண் அதிகமாக ஏமாற்றும். இரண்டு மீட்டர் நீளக் குச்சிகள் இரண்டை மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் குச்சி வைத்து 'ஏ' வடிவச் சட்டம் செய்யுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். சட்டத்தை ஓர் இடத்தில் நிறுத்திக் கயிறு குறுக்குக் குச்சியைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். பின் கால்களை அதே இரு புள்ளிகளில் இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். கயிறு அந்தப் புள்ளியில் நிற்கும்படி சட்டத்தைச் சரிவின் குறுக்கே காலடி காலடியாக நகர்த்தி, ஒவ்வொரு காலிலும் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனால் சமமட்டக் கோடு கிடைத்துவிடும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலிலும் செய்யலாம்.

கோட்டின் மேல் 10 முதல் 15 செ.மீ. ஆழத்துக்குச் சிறு பள்ளம் எடுங்கள். அதில் தொடை கனத்துக்கு, அதாவது 15, 20 செ.மீ. தடிமனுக்குக் கட்டிய குச்சிக் கட்டுகளைப் பாதி புதையும்படி கிடத்துங்கள். தேயிலைத் தோட்டம் பக்கத்தில் இருந்தால் கவாத்துக் குச்சிகளைவிட நல்ல பொருள் இதற்கு இல்லை. கவாத்து எடுக்கும் சமயத்தில் சொல்லி வைத்தால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். உண்ணிச்செடிக் குச்சியைப் பயன்படுத்தாதீர்கள், அது ஈர மண்ணில் மறுபடி துளிர்த்துச் சரிவையே பிடித்துக்கொள்ளும். கட்டுக்குக் கீழ்ப்பக்கமாக முக்கால் மீட்டருக்கு ஒன்று என்று சீகை (வாட்டில் மரம்) குச்சியையோ மூங்கிலையோ 45 செ.மீ. ஆழத்துக்கு அடியுங்கள். மேல்பக்கம் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து இறுக்குங்கள். கட்டுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் தண்ணீரும் அந்த வழியாகப் போகும்.

45 டிகிரிச் சரிவில் ஒன்று முதல் ஒன்றரை மீட்டருக்கு ஒரு வரிசை, 27 டிகிரியில் இரண்டரை முதல் மூன்று மீட்டருக்கு ஒரு வரிசை. வரிசையின் இரண்டு முனைகளையும் சற்று மேல்நோக்கி வளையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் முனையைச் சுற்றிக்கொண்டு இறங்கும்.

எதை நடுவது

மூன்று விதமான செடிகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். உடனே முளைப்பது ஒன்று, கட்டிப் பிடிப்பது ஒன்று, நிலைத்து இருப்பது ஒன்று.

உடனே முளைக்க நம்மிடம் இருக்கும் சாமை, ராகி, கொள்ளு போதும். ஒரு வாரத்தில் பச்சை தெரியும். நெருக்கமாக விதைத்தால் மற்ற செடிகளை அமுக்கிவிடும், அதனால் மெலிதாகத் தூவுங்கள். கதிர் வைக்கும் முன் அரிவாளால் அறுத்து அங்கேயே போட்டுவிடலாம். வேரோடு பிடுங்கக் கூடாது.

கட்டிப் பிடிக்க வெட்டிவேர். நம் மொழியில் இருந்து போன பெயரோடுதான் உலகம் முழுக்க இன்று அதைச் சாலைச் சரிவுகளில் நடுகிறார்கள். வேர் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில், வெப்பமான இடத்தில் மூன்று மீட்டர்கூடப் போகும். நம் தென்னிந்திய வகை விதை மூலம் பரவாது, அதனால் களையாகிவிடும் பயமும் இல்லை. தூரைப் பிரித்து, இலையை 20 செ.மீ., வேரை 10 செ.மீ. விட்டு நறுக்கி, ஒரு குழிக்கு இரண்டு மூன்று கிளைத்தூராக 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். நெருக்கமாக நடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். வரிசையில் ஒரு முழ இடைவெளி இருந்தால் அந்த வழியாகவே தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஓடும். வரிசைக்கு வரிசை உயர வித்தியாசம் ஒரு மீட்டர் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. வெட்டிவேருக்கு வெயிலும் சூடும் வேண்டும். உதகை போல 2,000 மீட்டருக்கு மேல், ஜனவரியில் உறைபனி விழும் இடத்தில் அது சோர்ந்துபோய் நிற்கும். மர நிழலிலும் சரிப்படாது. அங்கே உள்ளூர்ப் புல்லைக் கட்டி கட்டியாக, 10 செ.மீ. மண்ணோடு பெயர்த்து வந்து, செங்கல் அடுக்குவது போல மேல்வரிசை இணைப்பும் கீழ்வரிசை இணைப்பும் ஒரே நேராக வராதபடி பதியுங்கள். ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு முளை. புல்லை உங்கள் நிலத்திலிருந்தோ தெரிந்தவர் நிலத்திலிருந்தோ எடுங்கள். சோலையை ஒட்டிய புல்வெளியில் கை வைக்காதீர்கள், அது ஒருமுறை போனால் திரும்பி வராத செல்வம். தேயிலைத் தோட்டக்காரர்களுக்கு கௌதமாலா புல் தெரியும். பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மறுநடவுக்கு முன் மண்ணைத் தேற்ற அதைத்தான் நடுவார்கள். எலுமிச்சைப் புல்லும் நடுத்தர உயரத்தில் நன்றாக வரும்.

நிலைத்து இருக்க, ஆழமாக வேர் விடும் புதர்கள். கீழ்ப்பகுதிகளில் நொச்சி, முள்முருங்கை, கிளைரிசிடியா ஆகியவற்றின் குச்சிகளை வெட்டி நேராக அடித்தாலே துளிர்க்கும். கட்டைவிரல் கனம், 60 செ.மீ. நீளம், முக்கால் பங்கு மண்ணுக்குள். தலைகீழாக அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மொட்டு மேல்நோக்கி இருக்க வேண்டும். ஓடை ஓரத்து ஈர இடத்துக்கு ஆற்றுப்பாலை பொருத்தம்.

சரிவின் முகத்திலும் உச்சி விளிம்பிலும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை, சில்வர் ஓக் எதுவும் வேண்டாம். வளர்ந்தபின் காற்றில் ஆடி, விளிம்பையே நெம்பிப் பெயர்க்கும். வேகமாக வளர்கிறதே என்று எங்கிருந்தோ வந்த செடியை நட்டால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரியின் சீகைக் காடுகளே சாட்சி.

மூடாக்கும் வலையும்

மழைத்துளி 5, 6 மி.மீ. வரை பருமன் இருக்கும். நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து விழும். வெறும் மண்ணில் அது ஒரு குட்டி வெடிதான். மண் துகள் அரை மீட்டர் உயரம் தெறிக்கும். மழைக்குப் பின் வெள்ளையடித்த சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் கறை படிந்திருக்குமே, அது இந்தத் தெறிப்புதான். சரிவில் தெறிக்கும் மண்ணில் பெரும்பங்கு கீழ்ப்பக்கம்தான் போய் விழும். ஓட்டம் ஆரம்பிக்கும் முன்பே சரிவு மண்ணை இழக்க ஆரம்பித்துவிடுகிறது என்பதால்தான், துளி மண்ணைத் தொடாமல் தடுப்பதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

வைக்கோல் சதுர மீட்டருக்கு அரைக் கிலோ வேண்டும். மேலிருந்து பார்த்தால் மண் அங்கங்கே புள்ளியாகத் தெரியலாம், திட்டாகத் தெரியக் கூடாது. அதற்கு மேல் கனமாகப் போட்டால் விதை மேலே வர முடியாமல் அழுகும். வைக்கோல் மலைக்கு ஏறிவரச் செலவு அதிகம் என்றால் காய்ந்த புல், சருகு, பொடியாக நறுக்கிய கவாத்து இலை எதுவானாலும் சரி.

27 டிகிரிக்கு மேல் வைக்கோல் தானாக நிற்காது, தென்னை நார் வலை வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கிடைக்கும். சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் எடைகளில் வருகிறது. 35 டிகிரிக்கு மேல் இருந்தால் 700 கிராம் வாங்குங்கள். சணல் வலை விலை குறைவுதான், ஆனால் நம் ஈரத்தில் ஒரு வருடத்துக்குள் மக்கிவிடும். தென்னை நார் இரண்டு, மூன்று வருடம் தாங்கும். வேர் பிடிக்க ஆகும் காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான், அதனால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு விருப்பம். பிளாஸ்டிக் வலை மக்காது, பாம்பும் பல்லியும் சிக்கிச் சாகும்.

விரிக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. உச்சி விளிம்புக்கு மேலே 30 செ.மீ. ஆழ அகலத்தில் பள்ளம் எடுத்து, வலையின் முனையை அதில் மடித்து முளையடித்து, மண் போட்டு மிதித்து மூடுங்கள். பிறகு உருளையைக் கீழ்நோக்கி உருட்டுங்கள், குறுக்காக விரிக்கக் கூடாது. இழுத்துப் பிடிக்காதீர்கள். இழுத்துக் கட்டினால் மேடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு கூடாரம் போல நிற்கும், அடியில் தண்ணீர் ஓடி மண்ணை அரிக்கும். வெளியே பார்த்தால் வலை அப்படியே இருக்கும், உள்ளே கை விட்டால் பள்ளம். நான் முதன்முதலில் விரித்த வலை இப்படித்தான் ஆனது. அக்டோபரில் வலையைத் தூக்கிப் பார்த்தபோது கை முழுதும் உள்ளே போனது. அதன்பிறகு, வலை விரித்ததும் அதன் மேல் நடந்து ஒவ்வொரு குழிவிலும் காலால் அழுத்தி, அங்கே கூடுதல் முளை அடிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

பக்கத்துப் பக்கம் 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். மேல் வலையின் முனை கீழ் வலையின் மேல் 30 செ.மீ. படிய வேண்டும், ஓடு வேய்வது போல. முளைகள் சதுர மீட்டருக்கு மூன்று, மிகச் செங்குத்து என்றால் நாலைந்து. குறுக்குத் தடுப்பு இருக்கும் இடங்களில் அதன் மேலாக வலையை இறக்கி, தடுப்பின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் முளையடித்து மண்ணோடு ஒட்டவையுங்கள்.

வரிசை இதுதான்: தொழு உரம், தடுப்பு, விதை, மெல்லிய வைக்கோல், அதன் மேல் வலை, கடைசியில் வலையின் கண்களை விலக்கி வெட்டிவேரும் குச்சிகளும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 10 மீட்டர் அகலம், சரிவு வாக்கில் 6 மீட்டர் நீளம், 40 டிகிரி. மொத்தம் 60 சதுர மீட்டர். வைக்கோல் 30 கிலோ, மடிப்பும் மேலேறலும் சேர்த்து வலை 75 சதுர மீட்டர், முளைகள் சுமார் 250, வெட்டிவேர் நான்கு வரிசைக்கு 300 குழி. மூன்று ஆட்கள் இருந்தால் மண் வேலை முடிந்தபின் இரண்டு நாள் வேலை. ஏணியும் கயிறும் இல்லாமல் யாரையும் முகத்தில் ஏற்றாதீர்கள். மேலே ஆள் இருக்கும்போது அவருக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது.

மழைக்கு முன் முடிக்க முடியாவிட்டால்

நடக்கும். அனுமதி தாமதமாகும், ஆள் வரமாட்டார்கள். அப்போது சரிவைத் தார்ப்பாயால் மூடலாம். உச்சிக்கு மேலே ஒரு மீட்டர் ஏற்றி மண்ணுக்குள் புதைத்து, கயிற்றில் கட்டிய மண் மூட்டைகளை மேலே கிடத்துங்கள். தார்ப்பாயில் விழும் தண்ணீர் முழுவதும் அடியில் சேரும் என்பதால் கீழே கல் பரப்பி வழிவிடுங்கள். இது சில நாள், சில வாரத்துக்கான ஏற்பாடு. அடியில் இருக்கும் விதை வெந்துவிடும், மழை விட்டதும் எடுத்துவிட வேண்டும்.

முதல் வருடம்: குடையோடு நடங்கள்

மழை பெய்து முடிந்தபின் பார்த்தால் பாதிதான் தெரியும். மிதமான மழை பெய்யும்போதே குடை பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் பாதுகாப்பான இடத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் எங்கே சேர்கிறது, எந்தத் தடுப்பு வழிகிறது, வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கனமழையில் அங்கே போகவே வேண்டாம்.

விரல் ஆழத்துக்குக் கீறல் விழுந்திருந்தால் அன்றைக்கே சரிசெய்யுங்கள். வெறும் மண்ணைப் போட்டு மூடினால் அடுத்த மழையில் போய்விடும். கீறலுக்குள் சிறு குச்சிக் கட்டை குறுக்கே வைத்து முளையடித்து, மண் போட்டு, வைக்கோல் மூடுங்கள். அதைவிட முக்கியம், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று மேலே ஏறிப் பார்ப்பது.

ஜனவரி முதல் மார்ச் வரை முதல் வருடச் செடிக்கு வாரம் ஒருமுறையாவது தண்ணீர் வேண்டும். பூவாளியில் ஊற்றுங்கள். ஹோஸ் குழாயை நேராகப் பிடித்தால் மழை செய்யாத அரிப்பை அது செய்துவிடும்.

ஆடு மாடு ஏறாமல் வேலி வேண்டும். காட்டெருமையை வேலி தடுக்காது, ஆனால் அது வழக்கமாக நடக்கும் தடத்தில் சரிவு இருந்தால் பக்கத்தில் வேறு வழி விடலாம். காட்டுப்பன்றி கிழங்கையும் புழுவையும் தேடி ஈர மண்ணைக் கிளறும். கிளறிய இடத்தை மறுநாளே மிதித்து இறுக்கிப் புல் கட்டி பதியுங்கள்.

களை எடுக்க வரும் ஆட்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "சுத்தமா சுரண்டித் தரேன்" என்று அன்போடுதான் சொல்வார்கள். சரிவில் மண்வெட்டியோ களைக்கொல்லியோ வேண்டாம். அரிவாளால் கணுக்கால் உயரத்துக்கு அறுத்து, அறுத்ததை அங்கேயே பரப்பச் சொல்லுங்கள். அந்தக் களையின் வேரும் மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

வெட்டிவேரை வருடத்துக்கு இரண்டு முறை 30 செ.மீ. உயரத்துக்கு நறுக்கினால் அடியில் தூர் அடர்த்தியாகும். இறந்துபோன குழிகளுக்கு அடுத்த கோடை மழையிலேயே மாற்று வையுங்கள்.

வேர் இறங்கிவிட்டதா என்று அறிய

இரண்டாம் வருடப் பெருமழைக்குப் பின் மூன்று இடங்களைப் பாருங்கள். வெட்டிவேர்த் தூர் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள், அசையக் கூடாது. வலை மக்கி நைந்த இடத்தில் கையால் தடவுங்கள், மண் விரலில் ஒட்டாமல் வேர் நெருநெருவென்று தட்டுப்பட வேண்டும். கடைசியாக, நல்ல மழை நேரத்தில் அடிச்சுவர் ஓட்டையிலிருந்து வரும் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துத் திண்ணையில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து டம்ளரின் அடியில் செம்மண் படிந்திருந்தால் உள்ளே எங்கோ இன்னும் கரைகிறது, மேலே ஏறித் தேட வேண்டும். தெளிவாக இருந்தால், தடுப்புக்கு அடித்த முளைகளில் ஆடிக்கொண்டிருப்பவற்றைப் பிடுங்கி விறகுக்கு வைத்துக்கொள்ளலாம்.